பள்ளத்தின் விளிம்பில் ஒரு பரு

குளிர்பெட்டியில் இருந்த பாட்டிலில் ‘பொட்டாசியம்’ என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் நான் படிக்கவில்லை. படித்திருந்தால், அடுத்த சொல் ‘குளோரைடு’ என்பதும், தங்கச்சி எடுக்கச் சொன்னது அதன் பக்கத்தில் தோளோடு தோள் உரசி நின்ற ‘பொட்டாசியம் குளுகோனேட்’ என்பதும் தெரிந்திருக்கும். இரண்டிலும் தெளிந்த தண்ணீர். இரண்டுக்கும் நீல மூடி. அளந்தேன், கலந்தேன், வடிகட்டினேன், செறிவு பார்க்கும் கருவியில் ஒரு சொட்டு வைத்து அதனிடமும் சரி என்று பெயர் வாங்கினேன், லேபிள் ஒட்டி அவள் கையில் கொடுத்தேன். பொருளைத் தவிர எல்லாம் சரியாக இருந்தது.

உப்புத் தண்ணீர் கலக்குவது என் வேலை அல்ல. இந்த ஆராய்ச்சிக் கட்டடத்தில் நான் எலக்ட்ரானிக்ஸ் ஆள். ஆம்ப்ளிஃபையர் இரைந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். பிரிண்டர் இரைந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தங்கச்சி இரண்டாம் மாடியில் சிறுமூளை ஆராய்ச்சி செய்கிறாள். ஒரே வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில்தான் வருகிறோம். கட்டட வாசல் வந்ததும் சற்றுத் தள்ளி நடப்பாள். நான் சொல்லும் ஜோக்குகளுக்குத் தானும் உடந்தை என்று யாரும் நினைத்துவிடக் கூடாதாம். அன்று காலை அவள் எலியின் சிறுமூளையை நகத்தைவிட மெல்லிய சீவல்களாகச் சீவிக்கொண்டிருந்தாள். பாதியில் கையெடுக்க முடியாத வேலை. சும்மா நின்ற என்னிடம் அந்தத் தண்ணீரைக் கலந்து தரச் சொன்னாள். சும்மா நின்றது என் தப்பு.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்து, வெறுங்கண்ணுக்கு அகப்படாத கூராக்கி, அதற்குள் இதை நிரப்புவார்கள். மைக்ராஸ்கோப்பின் கீழே அந்த நுனியை ஒரு செல்லின் தோலில் ஒட்டி, வாயால் மெல்ல உறிஞ்சி உள்ளே நுழைவார்கள். நுழைந்த சற்று நேரத்தில் குழாயில் இருப்பதுதான் செல்லுக்குள்ளும் இருக்கும். தங்கச்சி ஒரே நேரத்தில் இரண்டு செல்களை இப்படிப் பிடிக்க வேண்டும். ஒன்று பர்கின்ஜி செல், பெரியது, கிளைவிட்ட மரம் மாதிரி இருக்கும். இன்னொன்று அதை அடக்கி வைக்கும் குட்டிக் கூடை செல். இரண்டுக்கும் நடுவில் தொடர்பும் இருக்க வேண்டும். பொருத்தம் பார்த்துப் பெண் தேடுவது இதைவிடச் சுலபம். அதிலேயே நான் தோற்றவன், அதனால் நிச்சயமாகச் சொல்கிறேன்.

பர்கின்ஜி செல் ஓயாத வாய். யாரும் ஒன்றும் கேட்காவிட்டாலும் படபடவென்று துடித்துக்கொண்டே இருக்கும். அதனால் அது பேசுவதைவிட, எப்போது வாயை மூடுகிறது என்பதில்தான் சேதி அதிகம். டம்ளரை எடுக்கப் போன கை டம்ளரைத் தட்டிவிடாமல் அதன் பக்கத்தில் போய் நிற்பதெல்லாம் அந்த மௌனங்கள் நேரம் தவறாமல் விழுவதால் நடக்கிற காரியம். மௌனத்தை விழவைப்பது கூடை செல். வீட்டில் அப்பா கோபமாக இருக்கும்போது என் விலாவில் விழுகிற தங்கச்சியின் முழங்கை, ஏறக்குறைய அதே ஏற்பாடு.

அன்று மதியம் ஜோடி அமைந்தது. பல நாட்களுக்குப் பிறகு அமைந்தது. கூடை செல்லைத் துடிக்கவைத்தாள். கூடை செல்லின் பிரேக் விழுந்தால் எங்கள் திரையில் கோடு ஒரு மலை மாதிரி மேலே ஏறும். ஏறவில்லை. கிணறு வெட்டியதுபோல் கீழே இறங்கியது. மறுபடி துடிக்கவைத்தாள். மறுபடி கிணறு.

தங்கச்சி திட்டவில்லை. திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். எழுந்து போய்க் குளிர்பெட்டியைத் திறந்து, குளோரைடு பாட்டிலில் மட்டம் இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, மெதுவாக மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். கூடை செல் துடிக்கும்போது சுரக்கும் மருந்து வந்து விழுந்தால் பெரிய செல்லில் குளோரைடுக்கான கதவுகள் திறக்கும், வெளியிலிருந்து குளோரைடு உள்ளே வரும், அதுதான் பிரேக். நான் உள்ளேயே அதைக் கொட்டி நிரப்பிவிட்டேன். கதவு திறந்ததும் அது வெளியே ஓடுகிறது. பிரேக்கை ஆக்ஸிலரேட்டராக மாற்றிக் கொடுத்திருக்கிறேன். எலக்ட்ரானிக்ஸில் இதற்குப் பெயர் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுப்பது. எங்கள் பட்டறையில் இதைச் செய்தவனை ஒரு வாரம் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சிரிப்போம்.

அவள் வெளியே போ என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் திரையை நெருங்கிக் கோட்டைப் பெரிதாக்கினாள். கிணறு தொடங்குவதற்கு முன்னால், அதன் விளிம்பில், மேல்நோக்கி ஒரு சின்னப் பரு இருந்தது. கூடை செல் துடித்த அதே கணத்தில் அந்தப் பரு.

அதை அவள் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். கூடை செல் மருந்தை மட்டும் நம்பி இல்லை, மின்சாரத்தாலேயே நேராகவும் பிரேக் போடுகிறது என்பது அவளுடைய கட்சி. மருந்து சுரந்து, கடந்து, கதவைத் தட்டித் திறக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். மின்சாரத்துக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. ஆனால் சரியான தண்ணீரில் பருவும் மேல்நோக்கி, மலையும் மேல்நோக்கி. பரு மலையின் அடிவாரத்தில் கரைந்துபோய்விடும். நான் மலையைப் பள்ளமாக்கியதும் பரு தனியாகத் தலையை நீட்டிவிட்டது.

எனக்கு நெஞ்சு விம்மியது. பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாம் இப்படித்தான் தற்செயலாக நடக்கும் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

“அண்ணா, இந்தத் தண்ணிய வேணும்னே கலக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க,” என்றாள் தங்கச்சி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “பிரேக்கோட நிஜ பலத்தை அளக்கணும்னுதான் நான் கலக்கல. நீ கண்டுபிடிச்சது ஒரு பாட்டில்.”

சரி, பாட்டில்தான். ஆனாலும் அவள் குரலில் கோபம் இல்லை, அவசரம் இருந்தது. காரணம் உண்டு. அவளுடைய வேலை அந்த மாதத்தோடு முடிகிறது. வெள்ளிக்கிழமை கமிட்டி கூடும். ஆய்வகத் தலைவர் ஒரு வரி எழுதினால் அவள் தொடரலாம். எழுதாவிட்டால் தூரத்து ஊரில் ஒரு கல்லூரி வகுப்பறை காத்திருக்கிறது. அங்கே மைக்ராஸ்கோப் கிடையாது. கூடை செல்லின் மின்சாரத்தைக் கண்ணால் பார்க்காமல் அந்த வரியை எழுத மாட்டேன் என்று தலைவர் சொல்லியிருந்தார்.

தலைவருக்கு மாடி முழுக்க ‘சொல்லமுடியாது சார்’ என்று பெயர். வெளியே மழையா சார் என்று ஒருமுறை யாரோ கேட்க, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, நனைந்த கையை உள்ளே இழுத்து, “சொல்ல முடியாது, மேல்மாடித் தண்ணியாக்கூட இருக்கலாம்,” என்றவர். நல்ல மனிதர். ஆனால் அவரிடம் போய் ஒரு ஆமாம் வாங்குவது பாறையில் பால் கறப்பது.

அவர் வந்து பருவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். பிறகு திரையை விட்டுவிட்டு மேசையைப் பார்த்தார். இரண்டு குழாய்களையும் தாங்கும் பிடிமானத்தை நான்தான் செய்து கொடுத்திருந்தேன். இடம் மிச்சமாகட்டும் என்று குழாய்களிலிருந்து வரும் இரண்டு கம்பிகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டியிருந்தேன். அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது.

“சொல்ல முடியாதும்மா,” என்றார் தலைவர். “ஒரு கம்பில துடிக்கறது பக்கத்துக் கம்பில கசிஞ்சாலும் இப்படித்தான் இருக்கும்.”

என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருக்கலாம். எனக்குக் காது சூடாகிவிட்டது. கம்பிக் கசிவு எங்கள் தொழிலின் பரம எதிரி. ஒரு கம்பியில் போகும் சேதி, தொடாமலேயே அடுத்த கம்பிக்குத் தாவிவிடும். அதை ஒழிக்கத்தான் கவசம் போடுகிறோம், முறுக்குகிறோம், எர்த் கொடுக்கிறோம். என் தொழில் வாழ்க்கையைச் சுருக்கிச் சொன்னால் கசிவோடு போட்ட சண்டை. அந்தக் கசிவு என் பிடிமானத்திலேயே உட்கார்ந்துகொண்டு தங்கச்சியின் வேலையைத் தின்கிறதா?

மறுநாள் அவள், மருந்துக் கதவுகளை அடைக்கும் ரசாயனத்தைச் சீவலின் மேல் ஓடவிட்டாள். பள்ளம் அப்படியே தூர்ந்துபோனது. பரு மட்டும் சமவெளியில் ஒற்றை மரமாக நின்றது. மருந்து இல்லாமலும் பிரேக் இருக்கிறது என்று நான் பட்டறை வரை கேட்கும்படி சொன்னேன். தலைவர் தலையைச் சாய்த்தார். கம்பிக் கசிவையும் அந்த ரசாயனம் ஒன்றும் செய்யாதே என்றார். நியாயம். அவர் சொல்வது எப்போதும் நியாயமாகத்தான் இருக்கும், அதுதான் எரிச்சல்.

அன்று மாலை வீட்டுக்குப் போனால் கூடத்தில் அட்டைப்பெட்டிகள். தங்கச்சி ஊர் மாறினால் சாமான் கட்ட வேண்டுமே என்று அப்பா கடை கடையாகப் போய்க் காலிப் பெட்டி சேர்க்க ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. சோப்புப் பெட்டி, பல்புப் பெட்டி, டிவி வந்த பெட்டி. அப்பாவுக்குப் பாசத்தைக் காட்ட வேறு வழி தெரியாது. பெட்டிதான் கட்டத் தெரியும். அம்மா அந்தப் பெட்டிகளின் நடுவில் வழி கண்டுபிடித்து எங்களுக்குத் தட்டு கொண்டுவந்தாள். நிஜமாகவே போகிறாளா என்று என்னிடம் கேட்டாள். நான் தங்கச்சியைக் கேட்டேன். பார்க்கலாம் என்றாள். அப்பாவைக் கேட்டேன். உனக்கு எதுக்கு அது என்றார். எங்கள் வீட்டில் கேள்வி கேட்டால் பதில் வராது, பெட்டி வரும்.

சாப்பிட்டு முடித்ததும் தங்கச்சி பல்புப் பெட்டியைத் திருப்பிப் போட்டு, பேனாவால் அதன் மேல் வரைந்து காட்டினாள். எனக்குப் பிடித்த மாதிரி, கம்பியாக வரைந்தாள். பெரிய செல்லிலிருந்து சேதி கிளம்பும் ஒரு வேர் உண்டு. துடிப்பு பிறக்கும் இடம் அதுதான். கூடை செல் தன் இழை நுனிகளை அந்த வேரைச் சுற்றி, ஓவியத் தூரிகையின் மயிர்போல் நெருக்கமாகச் சுற்றி வைத்திருக்கிறது. துடிப்பு வரும்போது அந்த நுனிகளிலிருந்து மின்சாரம் வெளியே வழிகிறது. அவ்வளவு இறுக்கமாகச் சுற்றியிருப்பதால் சிதறி ஓட இடமில்லை. வேரின் வெளிப்புறம் ஒரு கணம் பாசிட்டிவ் ஆகிறது. பாசிட்டிவ் போர்வை போர்த்திய வேர் துடிக்காது. மருந்து வந்து சேர்ந்து கதவைத் திறப்பதற்குள் வாய் அடைத்தாகிவிடும்.

நான் அந்தப் பெட்டியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கம்பிக்குத் தாவும் கசிவு. நாங்கள் விரட்டி விரட்டி அடிக்கிற அதே திருடனைப் பிடித்து, சம்பளம் கொடுத்து, வாசலில் காவலுக்கு உட்காரவைத்திருக்கிறது ஒரு குட்டிச் செல். சும்மா உட்காரவைக்கவில்லை; கசிவு வீணாகக் கூடாது என்று தூரிகை பின்னியிருக்கிறது. அதோடு அந்தச் செல் சின்னதாக இருப்பதும் ஒரு சாமர்த்தியம் என்றாள். பெரிய அண்டா நிரம்ப நேரம் ஆகும். கூடை செல் சின்னச் செம்பு, ஒரு கை தண்ணீர் விழுந்தாலே நிரம்பி வழிந்துவிடும். அதே சேதி இதற்கும் வருவதால், பெரிய செல்லுக்குப் போன சூட்டோடு சூடாக இது நிரம்பி, துடித்து, பிரேக்கைப் போட்டுவிடுகிறது. பெரிய செல்லுக்குப் பேசக் கிடைப்பது கண் சிமிட்டலில் ஒரு கீற்று. அந்தக் கீற்று அவ்வளவு ஒடுங்கலாக இருப்பதால்தான் நேரம் தப்புவதில்லை.

“உன் ஜோக்கெல்லாம் ஏன் எடுபடலன்னு இப்ப தெரியுதா?” என்றாள். “எங்க நிறுத்தணும்னு உனக்குத் தெரியல. அங்கதான் சிரிப்பே இருக்கு.”

நான் பதில் சொல்லாமல் நிறுத்திப் பார்த்தேன். அம்மா சிரித்தாள்.

அடுத்த நாள் பிடிமானத்தைப் பிரித்தேன். இரண்டு கம்பிகளையும் எதிரெதிர்ப் பக்கமாகக் கொண்டுபோனேன். நடுவில் செப்புத் தகடு வைத்து எர்த் கொடுத்தேன். பிறகு அவள் ஒரு ஜோடியைப் பிடித்துத் துடிக்கவைத்தாள். பருவைப் பார்த்தேன். பாதியாகக் குறைந்திருந்தது.

அதாவது பாதிப் பரு என்னுடையது. இத்தனை நாளும் என் கம்பியும் கூடை செல்லும் கூட்டு வியாபாரம் செய்திருக்கின்றன. மீதிப் பாதியும் என்னுடையது இல்லை என்று எதை வைத்துச் சொல்வது? இன்னும் நல்ல கவசம் போட்டால் அதுவும் கரைந்துவிடுமோ? தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வழக்கம்போல் அது ஒரு கேலியாக வெளியே வந்தது. அவள் என் பக்கம் திரும்பி, பாதி போச்சு, பாதி இருக்கு, பேசாம இரு என்றாள். அது பதில் இல்லை. ஆனால் அவள் முகத்தில் ஏதோ கணக்குப் போடும் அமைதி வந்திருந்தது. வேலை கைநழுவப் போகும் நேரத்திலும் குழாயைப் பிடித்த அவள் விரல் நடுங்கவில்லை. எனக்கு ஈயம் பற்றவைக்கும்போது அம்மா போன் வந்தாலே கை நடுங்கும்.

கமிட்டிக்கு முந்தின நாள் தலைவரைக் கூப்பிட்டாள். அவள் யோசித்து வைத்திருந்த சோதனை எளிமையானது. கூடை செல்லுக்குள் ஒரு குழாய். இரண்டாவது குழாயைப் பெரிய செல்லுக்குள் நுழைக்காமல், வெளியே அந்த வேரின் அருகில் வைப்பாள். பிறகு ஒரு செல் அகலம் தள்ளி வைப்பாள். பிறகு திரும்ப அருகில். நுனி நகர்வது மயிரிழைக்கும் குறைவு. என் கம்பிகள் இருந்த இடத்திலேயே இருக்கும். கசிவு கம்பியுடையது என்றால் நுனி எங்கே நின்றாலும் பரு மாறாது. செல்லுடையது என்றால் தூரிகையின் பக்கத்தில் மட்டும்தான் தெரியும்.

தலைவரை மைக்ராஸ்கோப்புக்கு முதுகு காட்டி உட்காரவைத்தாள். அவருக்குத் திரையில் கோடு மட்டும் தெரியும். நுனி எங்கே இருக்கிறதென்று தெரியாது. பரு இருக்கிறதா இல்லையா என்று அவர் சொல்ல வேண்டும். வேறு வார்த்தை கூடாது என்றும் சொல்லிவிட்டாள். சொல்லமுடியாது சாரிடம் இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். எனக்கும் ஒரு கட்டளை இருந்தது.

“இருமாத, செருமாத, மேசைமேல சாயாத,” என்றாள். “இன்னிக்கு மட்டும் உனக்கே ஒரு கூடை செல் வெச்சுக்கோ.”

நான், வெளிக் கசிவு புகாமல் மேசையைச் சுற்றிப் போட்டிருக்கும் செப்பு வலைக் கூண்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு இன்னொரு சின்னத் திரையில் நுனி தெரிந்தது. சாம்பல் நிறப் புகை மாதிரி செல்கள். நடுவில் பெரிய செல்லின் உருண்டை உடம்பு. அதன் அடியில் வேர். நுனி அங்கே போய் நின்றது. கூடை செல்லைத் துடிக்கவைத்தாள்.

“இருக்கு,” என்றார் தலைவர்.

நுனி நகர்ந்தது.

“இல்ல.”

நகர்த்துவதுபோல் குமிழைத் திருப்பி, அதே இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்தினாள். இல்ல என்றார். வேருக்குத் திரும்பினாள். இருக்கு என்றார். அவர் வாயிலிருந்து இத்தனை சின்னச் சொற்கள் வரிசையாக விழுந்து நான் கேட்டதே இல்லை. நடுவில் தங்கச்சி வேரின் மறுபக்கம் போய்ப் பார்த்தாள். அங்கேயும் இருக்கு என்றார். மேலே கிளைகளுக்குப் போனாள், இல்ல என்றார். ஒரு தடவைகூட அவர் தப்பவில்லை. மைக்ராஸ்கோப் பக்கம் திரும்பாத மனிதர், தூரிகை எங்கே இருக்கிறதென்று முதுகாலேயே வரைபடம் போட்டுவிட்டார்.

கடைசியாக வேரின் அருகில் நுனியை வைத்து, பெரிய செல்லின் ஓயாத துடிப்பையும் சேர்த்து ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டாள். டப்டப்டப் என்று மழைபோல் ஓடிக்கொண்டிருந்தது. கூடை செல்லைத் துடிக்கவைத்த ஒவ்வொரு முறையும், பரு வந்த அதே கணத்தில், மழையில் ஒரு துண்டு காணாமல் போனது. தாமதமே இல்லை. எனக்குத் தெரிந்த எந்தக் கச்சேரியிலும் அவ்வளவு சுத்தமாக யாரும் நிறுத்தியதில்லை.

பிறகு செல் களைத்துவிட்டது. துடிப்பு மங்கியது. தங்கச்சி குழாய்களை மெல்ல வெளியே எடுத்துவிட்டு, கையுறையைக் கழற்றி, இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

தலைவர் எழுந்தார். என் செப்புத் தகட்டைக் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரையில் நின்ற கோட்டைப் பார்த்தார். வெளியே நடந்தார். தங்கச்சி அவரைத் தடுக்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தாலும் கூடத்துப் பெட்டிகள் கண்ணில் நின்றன. தாழ்வாரத்தில் அவர் பின்னாலேயே ஓடினேன். லிஃப்ட் வாசலில் பிடித்தேன்.

நாலைந்து ஜோக் தொண்டை வரை வந்தது. எல்லாவற்றையும் விழுங்கினேன்.

“சார்,” என்றேன். “அது என் கம்பியா, செல்லா? நேரா ஒரு வார்த்தை சொல்லுங்க சார். வீட்ல பெட்டி கட்டிட்டு இருக்காங்க.”

லிஃப்ட் வந்து திறந்தது. அவர் ஏறவில்லை. கதவு தானாக மூடிக்கொண்டது. அவர் என்னைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அவர் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

“செல்தான்,” என்றார். “உங்க கம்பி இல்ல. உங்க தங்கச்சி எங்கயும் போகல, இப்ப போய் எழுதப் போறேன். பெட்டிய அவுக்கச் சொல்லுங்க.”